1990இல் கட்டிய கப்பலில் முதல் பயணம்: ஏறும் முன்பும் ஏறிய பின்பும்

சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் போகலாமா என்று சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கப்பல், எந்த வருஷம் கட்டியது? பயணச்சீட்டின் விலை, ஊர்கள், சாப்பாடு எல்லாம் அப்புறம். கப்பலின் வயது தெரிந்துவிட்டால் பாதிப் பயணம் எப்படி இருக்கும் என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம்.

நம் பக்கம் பலரும் முதன்முதலாக ஏறிய கப்பல் கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்'. பிரான்ஸின் சான் நசேர் நகரக் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 1990இல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகக் கடலில் இறங்கியது. மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று நாள், நான்கு நாள் சுற்றுலா போய்வருவதற்கென்றே வடிவமைத்த கப்பல் அது. 2004இல் 'எம்பிரஸ் ஆஃப் த சீஸ்' ஆனது. இடையில் சில ஆண்டுகள் ஸ்பெயின் நிறுவனம் ஒன்றிடம் இருந்தது. 2017இல் அமெரிக்காவிலிருந்து கியூபாவின் ஹவானாவுக்குப் பயணிகளைக் கூட்டிப் போனது. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்தும், 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் ஓடத் தொடங்கியது. நீளம் 211 மீட்டர். இப்போதைய ரயில் பெட்டிகள் ஒன்பதை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். ஏறக்குறைய 800 கேபின். அளவு 48,000 டன்னுக்குச் சற்று மேல். இந்த டன் எடைக் கணக்கு இல்லை, கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் இடத்தின் கணக்கு. 2024இல் வந்த 'ஐகான் ஆஃப் த சீஸ்' 2,48,000 டன்னைத் தாண்டுகிறது. யூடியூபில் நீங்கள் பார்க்கும் சறுக்கு மரங்களும் நீர்வீழ்ச்சிகளும் அந்த மாதிரிக் கப்பல்களில் எடுத்தவை. அதை மனதில் வைத்துக்கொண்டு இதில் ஏறினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அந்தக் காலத்தில் கேபின் என்றால் படுக்கவும் குளிக்கவும் மட்டும். பகலெல்லாம் ஜனங்கள் வெளியே, பொதுக் கூடங்களில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். அதனால் அறை சிறியது, பால்கனி உள்ள அறைகள் மிகக் குறைவு. ஆனால் பல அடுக்கு உயரத்துக்குத் திறந்த நடுக்கூடமும், கடலைப் பார்த்த பெரிய கண்ணாடிகளும் இருக்கின்றன. தண்ணீரும் அதிக தூரத்தில் இல்லை. கீழ்த்தளத்துச் சன்னலருகே நின்றால் அலையின் நுரை தெரியும். இருபது மாடி உயரக் கப்பலில் அது கிடைக்காது. எனக்கு இந்தப் பழைய கப்பல்கள் பிடித்துப்போனதற்குக் காரணமே இதுதான்.

எப்போது போவது, எந்த அறை எடுப்பது

மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பிவிட்டால் அரபிக்கடல் கொந்தளிக்கும். மும்பை, கோவா, கொச்சிப் பக்கம் உல்லாசக் கப்பல் ஓட்டுவது கஷ்டம். அதே மாதங்களில் நம் கிழக்குக் கரையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று அது. சென்னையிலிருந்து பயணங்கள் ஜூன் மாதத்தையொட்டித் தொடங்கியதற்கு இதுதான் அடிப்படை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் புயல் காலம். அந்த மாதங்களில் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு முதல் பயணம் போக நான் சொல்ல மாட்டேன்.

ஊர்ப் பட்டியலைக் கல்லில் எழுதியதாக நினைக்க வேண்டாம். 2022இல் சென்னை, விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று அறிவித்த பயணத்தில் புதுச்சேரியில் நிற்க அந்த அரசின் அனுமதி கிடைக்கவில்லை. காற்று, அலை, துறைமுக நெரிசல் என்று எதனாலும் ஓர் ஊர் விட்டுப்போகலாம். 'இந்த ஊரைப் பார்த்தே ஆக வேண்டும்' என்பவர்கள் அந்த ஊருக்கு விமானத்தில் போவதே நல்லது.

அறை விஷயத்தில் எல்லோரும் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. மேல்தளம் என்றால் உசத்தி என்று அதிகப் பணம் கொடுத்து எடுப்பார்கள். கப்பல் ஆடும்போது அதிகம் ஆடுவது மேல்தளமும் இரண்டு முனைகளும்தான். நம் மீனவர் மொழியில் முன்முனை அணியம், பின்முனை அமரம். சீசா பலகையின் இரு ஓரங்கள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன, நடுவில் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். நடுவில், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை கேளுங்கள். விலையும் குறைவு, தூக்கமும் நன்றாக வரும்.

அமரத்துப் பக்கம் இன்னொரு சங்கடம் இருக்கிறது. புதிய கப்பல்கள் பலவற்றில் மின்மோட்டாரும் கப்பலை உந்தும் விசிறியும் சேர்ந்த ஒரு கூண்டு கப்பலுக்கு வெளியே தொங்குகிறது. 1990களின் தொடக்கத்தில் கட்டிய கப்பல்களில் என்ஜினிலிருந்து நீண்ட தண்டு ஒன்று பின்னால் ஓடி விசிறியைச் சுழற்றுகிறது. அந்த அதிர்வு பின்பக்க அறைகளில் கட்டில் வரை வரும். சிலருக்கு அது தாலாட்டு. சிலருக்கு இரவெல்லாம் லாரியில் படுத்த மாதிரி. அணியத்துப் பக்க அறைகளில் விடியற்காலையில் துறைமுகத்தில் ஒதுங்கும்போது சத்தம் கேட்கும். கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறிகள் அங்கேதான் இருக்கின்றன.

சன்னல் இல்லாத உள் அறை போதுமா என்று கேட்பார்கள். இரண்டு இரவுக்குப் போதும். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, விடிந்ததே தெரியாது. மூச்சு முட்டுகிற மாதிரி உணர்பவர்கள் சன்னல் அறையே எடுங்கள். மூன்றாவது, நான்காவது ஆளுக்குச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கும் மேல்கட்டில்தான் கிடைக்கும். ஏணி ஏறிப் படுக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் இரண்டு அறையாக எடுத்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: துறைமுகக் கட்டணம், பணியாளர்களுக்கான அன்பளிப்புத் தொகை, ஜிஎஸ்டி இவை சேர்ந்த மொத்தம் எவ்வளவு? விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வெறும் அறைக் கட்டணம்.

பெட்டி கட்டுவது

உள்நாட்டுப் பயணத்துக்கு அசல் அடையாள அட்டை, குழந்தைகளுக்கும் சேர்த்து. இலங்கைப் பயணமென்றால் பாஸ்போர்ட், ஆன்லைனில் எடுத்த இலங்கை நுழைவு அனுமதி. பாஸ்போர்ட்டை ஏறும்போது கப்பல் அலுவலகமே வாங்கி வைத்துக்கொள்வது பல கப்பல்களில் வழக்கம். பயந்துவிட வேண்டாம், நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிச் சீட்டு ஒட்டி அனுப்பிவிடுவார்கள். அவை உங்கள் அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். எங்கள் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையை நான் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பெட்டி வர வேண்டிய நேரத்தில்தான் வந்தது, ஆனால் அதுவரை அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாத்திரைகள், கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்றுத் துணி, குழந்தைக்கு வேண்டியவை எல்லாம் தோள்பையில் இருக்கட்டும்.

கப்பலில் எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் தீ. அதனால் இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், அடுப்பு எதையும் விட மாட்டார்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சூடம், ஊதுபத்தி, தீப்பெட்டி, விளக்குத் திரி எதுவும் கூடாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருந்ததில்லை என்று சொல்பவர்களுக்கு இது பெரிய விஷயம். பாதுகாப்புச் சோதனையில் நின்று எடுத்துக்கொடுத்துவிட்டு மனம் நொந்து ஏறுவதைவிட வீட்டிலேயே பேசி முடிப்பது நல்லது. வீட்டில் சமைத்த சாப்பாட்டையும் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

பழைய கப்பலுக்கென்றே எடுத்துப்போக வேண்டியவை சில. யுனிவர்சல் அடாப்டர் ஒன்று, ஏனென்றால் அமெரிக்கச் சந்தைக்காகக் கட்டிய கப்பலில் தட்டை முனை சாக்கெட்டும் இருக்கலாம். செல்போன் வராத காலத்து அறை என்பதால் சாக்கெட்டே ஒன்றோ இரண்டோதான், அதுவும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்காது, கண்ணாடி மேசையருகே இருக்கும். பவர் பேங்க் வைத்துக்கொள்ளுங்கள். அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நான்கு வாங்கிப் போனால் துண்டு, பை, தொப்பி எல்லாம் சுவரில் ஏறிவிடும், சின்ன அறை பெரிதாகிவிடும். ஏசி விடாமல் ஓடும், ஸ்வெட்டர் அவசியம். மேல்தளத்துக் காற்றில் வேட்டியும் முந்தானையும் நிற்காது. அப்பாவுக்கு இரண்டு பேன்ட், அம்மாவுக்குச் சேலைக்குக் கூடுதலாக நாலைந்து ஊக்கு.

ஏறியவுடன்

ஏறும் நாளில் எல்லோரும் நேரே பஃபேவுக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் அறைக்குப் போய் மூன்று விஷயம் பாருங்கள். குழாயில் வெந்நீர் வருகிறதா, கழிப்பறை நீர் இழுக்கிறதா, ஏசி வேலை செய்கிறதா. இந்த வயதுக் கப்பல்களில் ஏதாவது ஒன்று மக்கர் செய்வது சகஜம். கப்பல் கிளம்பும் முன்பே வரவேற்பு மேசையில் சொன்னால் சரிசெய்யவோ அறை மாற்றவோ வாய்ப்பு அதிகம். இரவு பத்து மணிக்குச் சொன்னால் வரிசையில் முப்பதாவது ஆளாக நிற்பீர்கள்.

அந்தக் கழிப்பறை காற்றை உறிஞ்சி இழுப்பது. பொத்தானை அழுத்தினால் படாரென்று சத்தம் வரும், குழந்தைகள் பயப்படுவார்கள், முன்பே சொல்லிவையுங்கள். கப்பல் கொடுக்கும் காகிதத்தைத் தவிர எதையும் அதில் போடக் கூடாது. ஒரு குழாயில் பல அறைகள் சேர்ந்திருப்பதால் நீங்கள் போட்ட ஈரத் துடைப்பான் நாலு குடும்பத்தை அவதிப்படுத்தும். குளியலறை வாசலில் அரை அடி உயரத்துக்கு நிலைப்படி மாதிரி ஒரு தடுப்பு இருக்கும். தண்ணீர் வெளியே வராமலிருக்க வைத்தது. இரவில் பெரியவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவை ஒருக்களித்து வையுங்கள்.

அடுத்தது பாதுகாப்புப் பயிற்சி. இதைத் தட்டிக்கழிக்கவே கூடாது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகளுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அதுவரை விதி. 2015 முதல், கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று மாற்றினார்கள். ஏழு குறுகிய ஒலி, அதன்பின் ஒரு நீண்ட ஒலி கேட்டால் எல்லோரும் தங்களுக்கான கூடுமிடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்தின் எண் அறைக் கதவின் உட்புறத்திலும் உங்கள் அட்டையிலும் இருக்கும். பயிற்சி முடிந்ததும் நான் ஒன்று செய்வேன்: அறையிலிருந்து அந்த இடத்துக்கு, லிஃப்ட் இல்லாமல், படிக்கட்டு வழியாகக் குடும்பத்தோடு ஒரு முறை நடந்துவிடுவேன். ஐந்து நிமிஷ வேலை. குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட் எங்கே கிடைக்கும் என்றும் கேட்டுவிடுங்கள்.

கிளம்பும் நேரத்தில் மேல்தளத்துக்கு வந்துவிடுங்கள். இழுவைப் படகுகள் கயிறு கட்டிக் கப்பலைத் திருப்பும். உயர்நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரம் மெல்ல விலகும். 1894இலிருந்து 1977இல் மெரினாவில் புது விளக்கு வரும்வரை கப்பல்களுக்கு வெளிச்சம் காட்டியது அந்தக் கோபுரம்தான். கடலிலிருந்து பார்க்கும்போதுதான் அதை ஏன் அவ்வளவு உயரமாகக் கட்டினார்கள் என்று புரிந்தது. அலைதடுப்புச் சுவரைத் தாண்டிய பிறகு கீழே எட்டிப் பாருங்கள். துறைமுகத்தின் வழிகாட்டி மாலுமி கப்பலின் பக்கவாட்டில் ஒரு கயிற்று ஏணியில் இறங்குவார். கீழே சின்னப் படகு கப்பலோடு ஒட்டியே ஓடிவரும். அது அலையில் மேலே எழும் கணத்தைப் பார்த்துக் காலை வைப்பார். எங்கள் அப்பா அதைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாடு வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

முதல் இரவும் தலைசுற்றலும்

கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் மீனின் துடுப்பைப் போலத் தகடுகள் உண்டு. பக்கவாட்டு ஆட்டத்தை அவை நன்றாகவே குறைக்கும். முன்னும் பின்னுமாக ஏறி இறங்கும் ஆட்டத்தை அவற்றால் அடக்க முடியாது. துறைமுகத்தை விட்டு வெளியே வந்து ஒரு மணி நேரத்தில் சிலருக்கு வயிற்றைப் புரட்டத் தொடங்கும்.

மலைப்பாதைப் பஸ்ஸில் வாந்தி எடுப்பவராக இருந்தால், மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கியபின் போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். அவோமின் போன்றவை தூக்கம் வரவைக்கும். கண்ணழுத்த நோய், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் விஷயத்தில் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், கட்டணம் தனி. வெறும் வயிறும் ஆகாது, நெய்யில் மிதக்கும் பிரியாணியும் ஆகாது. இட்லி, தயிர்சாதம் மாதிரி ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, நடுப்பகுதியில் வெளித்தளத்தில் போய் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். செல்போனைப் பார்க்கக் கூடாது. அறைக்குள் சுருண்டு படுத்தால் கூடும். மறுநாள் காலைக்குள் பெரும்பாலோருக்கு உடம்பு பழகிவிடும்.

செல்போன் என்றதும் சொல்ல வேண்டியது: கரை மறைந்ததும் சிக்னல் போகும். சற்று நேரம் கழித்துக் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பை உங்கள் போன் தானாகப் பிடித்துக்கொள்ளலாம். அதன் கட்டணம் வீட்டுக்குப் போனபின் தெரியும். கிளம்பியதும் ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். வைஃபை வாங்கினாலும் இரும்புச் சுவர் அறைக்குள் அது தடுமாறும், நடுக்கூடத்தில் உட்கார்ந்தால் பரவாயில்லை. பிரிந்து சுற்றும் குடும்பம், இத்தனை மணிக்கு இந்த இடம் என்று பேசிவைத்துக்கொள்வதுதான் வழி.

கப்பலில் ஒரு நாள்

சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. சைவம், அசைவம், ஜைன உணவு எல்லாம் கிடைக்கும். பெரிய உணவுக்கூடம் ஒன்றுதான் என்பதால் இந்த அளவுக் கப்பல்களில் இரவுச் சாப்பாட்டை இரண்டு பந்தியாகப் பிரிப்பதுண்டு. பெரியவர்களும் குழந்தைகளும் இருந்தால் முதல் பந்தி கேளுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமியான நோரோவைரஸ், கையில் தடவும் சானிடைசருக்கு எளிதில் சாகாது. மது, குளிர்பானம், ஸ்பா எல்லாம் தனிக் காசு. அறை அட்டையைத் தேய்த்தாலே கணக்கில் ஏறிவிடும் என்பதால் பிள்ளைகளின் அட்டைக்கு வரம்பு வைக்கச் சொல்லுங்கள். சூதாட்டக் கூடம் பக்கம் நான் போகவில்லை, அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

நீச்சல் குளம் சின்னது. பத்து மணிக்கு மேல் கூட்டம் தாங்காது, ஏழு மணிக்குப் போனால் உங்களுடையது. மாலைக் காட்சி முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது லிஃப்டுக்கு நிற்பது பெரும்பாடு. முட்டிவலிக்காரர்களைப் பத்து நிமிஷம் முன்னால் கிளப்பிவிடுங்கள், அல்லது கூட்டம் கரையும்வரை உட்கார வையுங்கள்.

தவறவிடக் கூடாதது விடியற்காலை. ஐந்தரை மணிக்கு வெளித்தளத்துக்குப் போனால் தரை கழுவும் ஆட்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். கைப்பிடிக் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து அடித்து, விளிம்பெல்லாம் மழுங்கி, உருக்கி வார்த்த மெழுகு மாதிரி வழவழவென்று இருக்கும். அதன்மேல் பனியும் உப்பும் சேர்ந்த ஈரம். விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்தப் பெயின்ட் அடிக்கும் வேலை ஒரு நாளும் நிற்பதில்லை. ஒரு முனையில் துருவைச் சுரண்டித் தொடங்கி மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் முனையில் மறுபடி துரு பூத்திருக்கும். அங்கங்கே துருக்கறை கண்ணில் பட்டால் கப்பல் மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம், உப்புக்காற்றில் இரும்பு அப்படித்தான். தீயணைப்புக் குழாய், உயிர்காப்புப் படகின் கொக்கிகள், அவசர வழிக் கதவுகள், இவை சுத்தமாக, தடையில்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கப்பலின் உண்மையான உடல்நிலை அங்கேதான் தெரியும்.

கரையில் இறங்கும்போது

2023 ஜூன் முதல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் கப்பல் போய்வந்தது. திருகோணமலை என்றால் சுவாமிமலைப் பாறை உச்சியில் சம்பந்தர் பாடிய கோணேசர் கோயில், நேரமிருந்தால் கன்னியா வெந்நீர் ஊற்று. காங்கேசன்துறைக்குப் பக்கத்திலேயே கீரிமலைத் தீர்த்தமும் நகுலேஸ்வரம் சிவன் கோயிலும். நல்லூர் முருகன் கோயில் யாழ்ப்பாணத்துக்குள் இருப்பதால் போய்வர நேரத்தைக் கணக்குப் பார்த்துக் கிளம்புங்கள். இலங்கைக்கும் நமக்கும் நேர வித்தியாசம் இல்லை, அது ஒரு வசதி.

கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலா விலை கூடுதல்தான். ஆனால் அதில் போய்த் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். தனியாக ஆட்டோவோ வேனோ எடுத்துப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. கடைசியாக ஏற வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருங்கள். இறங்கும்போது கப்பலிலிருந்து பழமோ சாப்பாடோ எடுத்துப் போகக் கூடாது. ஆழம் போதாத இடத்தில் கப்பல் வெளியே நங்கூரமிட்டு, சின்னப் படகில் ஆட்களை ஏற்றி அனுப்பும். அலையில் அந்தப் படகு ஏறி இறங்கும். பணியாளர் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்லும்போது மட்டும் காலெடுத்து வையுங்கள். நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் அன்று கப்பலிலேயே இருந்துவிடலாம். எல்லோரும் இறங்கிய பிறகு கப்பல் அமைதியாக இருக்கும், நடுக்கூடத்துச் சாய்வு நாற்காலிகள் எல்லாம் காலியாக இருக்கும்.

கடைசி இரவு பெரிய பெட்டிகளைக் கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் போட வேண்டிய துணி, செருப்பு, மாத்திரை இவற்றை எடுத்து வைத்துக்கொண்ட பிறகே பெட்டியை மூடுங்கள். கணக்குச் சீட்டை அன்றிரவே கேட்டு வாங்கி வரிவரியாகப் பாருங்கள். காலையில் வரவேற்பு மேசை வரிசை படிக்கட்டு வரை நீளும்.

வீட்டுக்கு வந்து குளிக்க நின்றால் தரை லேசாக ஆடுகிற மாதிரி இருக்கும். கண்ணை மூடினால் இன்னும் அதிகமாகத் தெரியும். கடலுக்குப் பழகிய உடம்பு திரும்ப நிலத்துக்குப் பழக ஓரிரு நாள் எடுக்கும். அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு குளியுங்கள். ஒரு வாரத்தைத் தாண்டியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.